இரும்புலியூரில் நின்ற கல்யாணம்

இன்று சிட்லபாக்கம் காய்கறிக் கடையில் ஒரு பெண்மணி என்னை வழிமறித்தார்.

"சார், தாளவாத்தியக் குழுவுல கடம் வாசிக்கிறவர்தானே? எழுபதுகள்ல இரும்புலியூர்ல என் ரிசப்ஷனுக்கு வாசிச்சீங்க."

பெருமையாகத் தலையாட்டினேன்.

"அன்னைக்கு மேடையிலயே அப்பாகிட்ட, 'இந்த மாப்பிள்ளை வேணாம்பா'ன்னு கெஞ்சினேன். உங்க சத்தத்துல அவருக்குக் கேக்கல. ரசிச்சுத் தாளம் போட்டுட்டிருந்தார். கடைசியா பலமா கத்தினேன். அதே நொடியில நீங்க எல்லாரும் சேர்ந்து டக்குனு நிறுத்திட்டீங்க. மண்டபம் முழுக்கக் கேட்டுடுச்சு!"

மறுநாள் கல்யாணம் நடக்கவில்லை. அவர் மேலே படித்து டீச்சரானாராம்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்."

"எங்களைப் பட்டினியா அனுப்பிட்டாங்கம்மா" என்றேன்.

குழு இன்னும் வாசிக்கிறது, நண்பர்களே. நிறுத்தவேண்டிய கல்யாணம் இருந்தால் சொல்லுங்கள். ஆனால் பந்தி முதலில்.