பேனர் அடிக்காமல் நிறுத்தப் பார்த்த கல்யாணம்

பேனர் இல்லாமல் கல்யாணம் நடக்காது என்று நான் நம்பினேன். ஐம்பதை நெருங்கும் வயதில், இரண்டு பிள்ளைகளைப் பெற்று, சொந்தமாகக் கடை நடத்துகிறவன் நம்பக்கூடிய விஷயமா இது என்று கேட்பீர்கள். நானும் பிறகு கேட்டுக்கொண்டேன். ஆனால் கும்மிடிப்பூண்டியில் பதினைந்து வருஷமாக ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிறவனுக்கு உலகம் அப்படித்தான் தெரியும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என எல்லாமே என் மெஷின் வழியாகத்தான் போகின்றன. நான் அடித்துக் கொடுத்தால்தான் ஒருவர் செத்துப்போனதே ஊருக்கு உறுதியாகும். அப்படியிருக்க, நான் அடிக்காவிட்டால் ஒரு கல்யாணம் எப்படி நடக்கும்?

அது ஒரு திங்கட்கிழமை. கடைக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருப்பவர் வந்தார். சிப்காட்டில் இரும்புக் கம்பி ஆலையில் வேலை. அவருடைய கை என் தொடை அளவு இருக்கும். இந்தத் தகவலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று நாள் நான் வேறு எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

"ண்ணா, கல்யாண பேனர் ஒண்ணு அடிக்கணும். மாப்ள ஊட்ல கேக்கறாங்க."

"யாருக்குப்பா கல்யாணம்?"

"நம்ம பாப்பாவுக்குத்தான்."

என் கடையில் டிசைன் போடும் பெண் கம்ப்யூட்டரைவிட்டுத் திரும்பாமலே சொன்னாள். "போட்டோ வேணாண்ணா. மஞ்சள் நீராட்டுக்கு அடிச்சோமே, அந்த பைல்லயே கீது."

திரையில் அந்தப் பெண் வந்தாள். இரவல் நகை, தாமரைப் பூ நாற்காலி, இரண்டு பக்கமும் நாங்கள் ஒட்டிவிட்ட வண்ணத்துப்பூச்சிகள். நான் வழக்கம்போல ஆர்டர் நோட்டை விரித்து வழக்கமான கேள்வியைக் கேட்டேன். எங்கள் பக்கத்துக் கல்யாண பேனரில் பெயருக்குப் பின்னால் படிப்பு இருந்தே ஆக வேண்டும். டிப்ளமோவைப் பாதியில் விட்டவனுக்கும் தாராளமாக டிப்ளமோ கொடுத்திருக்கிறேன். பல்கலைக்கழகம்கூட அவ்வளவு பேருக்குக் கொடுத்திருக்காது.

"மாப்ள இன்னா படிச்சிருக்காரு?"

"ஐ.டி.ஐ."

"பாப்பா?"

அவர் கூரையைப் பார்த்தார். "டென்த்."

"டென்த் பாஸுன்னு போட்டுடவா?"

"இனிமேதாண்ணா எழுதணும்."

பின்னால் மவுஸ் சத்தம் நின்றது.

"பேருக்குப் பின்னாடி எதுவும் வேணாம்ணா. வெறும் பேரு போதும்" என்றார் அவர்.

நான் சொன்ன வீர வசனம்: "சரிப்பா." சொன்னதோடு நிற்காமல், ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி முகூர்த்தம், ஆந்திர எல்லையைத் தாண்டி இன்ன ஊர்க் கோயில் என்று அழகான கையெழுத்தில் எழுதியும் கொண்டேன்.

அவர் தலை மறைந்ததும் டிசைனர் நாற்காலியோடு சுழன்று திரும்பினாள். "அண்ணா, அதுக்குப் பதினஞ்சு வயசு."

"தெரியும்மா."

"இன்னா பண்ணப் போறீங்க?"

"யோசிக்கிறேன்."

"யோசிச்சிக்கினே இருங்க. ஞாயித்துக்கெழம தாலி கட்டிட்டுப் போய்க்கினே இருப்பாங்க."

குழந்தைக் கல்யாணம் என்றால் எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பஞ்சாயத்துக்கு அந்த விழிப்புணர்வு பேனரை அடித்துக் கொடுத்தவனே நான்தான். சிவப்பில் மஞ்சள் எழுத்து எடுப்பாக இருக்கும் என்று எண்ணை இரண்டு மடங்கு பெரிதாக்கியவனும் நான்தான். அந்த பேனர் என் கடை வாசலுக்கு எதிரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் டீ குடிக்கப் பழகினேன்.

போன் செய்தால் என்ன ஆகும் என்று எனக்குள் ஒரு படம் ஓடியது. என் குரலைப் பதிவு செய்வார்கள். ஜீப்பில் ஒலிபெருக்கி வைத்து ஊரெல்லாம் போடுவார்கள். அந்தக் கை என் கழுத்தைத் தேடி வரும். ஆகவே யாருக்கும் வலிக்காத திட்டம் ஒன்று தீட்டினேன். பேனரையே அடிக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். இங்க் தீர்ந்துவிட்டது என்றேன். புதன்கிழமை வந்தார். மை தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொண்டது என்றேன். வியாழக்கிழமை வோல்டேஜ் சரியில்லை, மெஷின் நடுங்குகிறது என்றேன். நடுங்கியது நான்.

"மூணு நாள்ல மெஷினுக்கு வந்த நோவெல்லாம் பாத்தா, அத்த ஜி.எச்.ல சேக்கணும் போலக்கீதே" என்றாள் டிசைனர், அவர் காதுபடவே.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார். "பரவால்லண்ணா, ஒங்களுக்கு எதுக்குப் பேஜாரு. பொன்னேரில அடிச்சிக்கிறேன். அதுவும் ஆவலன்னா வுடு. தாலி கட்டினாக் கல்யாணம்தானே, பேனரா கட்டுது?"

அவர் போய்விட்டார். என் பதினைந்து வருஷத் தொழில் பெருமையும் கூடவே போய்விட்டது.

"நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுமா?" என்று டிசைனர் தன் போனை எடுத்தாள். ஒரு பெண்பிள்ளை பேசி நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதே! பின்னறையில் ஃப்ளெக்ஸ் ரோல்களுக்கு நடுவே நுழைந்து, கைக்குட்டையைப் போனில் சுற்றி, அடித்தொண்டையிலிருந்து ஒரு குரலை வரவழைத்துப் பேசினேன்.

"நான் ஒரு பொதுஜனம் பேசுகிறேன்."

எடுத்தது ஒரு பெண். "சார், போன்ல ஏதோ அடைச்சிருக்கு. கொஞ்சம் வெளிய வந்து பேசுறீங்களா?"

கைக்குட்டையை எடுத்தேன். என் சொந்தக் குரலே அதைவிட மோசமாக வந்தது.

"உங்க பேரு சொல்ல வேண்டாம் சார், பயப்படாதீங்க. பொண்ணைப் பத்திச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் ஊரையும் தெருவையும் மறுபடி கேட்டார். பிறகு, "இந்தப் பொண்ணைப் பத்தி ஏற்கெனவே ரெண்டு பேர் சொல்லிட்டாங்க சார். வீட்ல போய்க் கேட்டா, 'பேச்சுதான் நடக்குது, தேதி வைக்கல'ன்னு சொல்றாங்க. என்னைக்கு, எங்கேன்னு தெரியாமத்தான் தவிக்கிறோம்" என்றார்.

அந்த நாளும் இடமும் திங்கட்கிழமையிலிருந்து என் ஆர்டர் நோட்டில் இருந்தன. நான் மெஷினுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர்கள் அதைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நோட்டைப் பிரித்து, நாள், நேரம், கோயில், ஊர் என்று படித்தேன். பதற்றத்தில் தொழில் பழக்கம் முந்திக்கொண்டு, கடைசி வரியையும் சேர்த்துப் படித்துவிட்டேன்: "அனைவரும் வருக."

"கண்டிப்பா வர்றோம் சார்" என்றார் அந்தப் பெண்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அந்த லைன் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு பெண் அதிகாரிகள், ஒரு பெண் போலீஸ், பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. நான் பின்னறை ஜன்னலைப் பாதி சாத்தி, இடுக்கு வழியாகப் பார்த்தேன். அடிதடி இல்லை, அழுகை கொஞ்சம் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். பதினெட்டு முடியும்வரை கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டோம் என்று அப்பா அம்மா இருவரிடமும் எழுதி வாங்கினார்கள். ஜீப்பில் ஒலிபெருக்கி இல்லை.

சனிக்கிழமை அவர் கடைக்கு வந்தார். வாசலில் அந்தக் கை தெரிந்ததும் நான் ஃப்ளெக்ஸ் வெட்டும் மேசைக்கு அடியில் போய்விட்டேன்.

"அண்ணன் எங்கம்மா?"

"மேசைக்குக் கீழ கத்திரிக்கோல் தேடிக்கினு இருக்காரு" என்றாள் என் விசுவாசமான ஊழியை. கத்திரிக்கோல் அவள் கையில் இருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

"பொன்னேரிலயும் பேனர் அடிக்கலண்ணா. கல்யாணம் நின்னுபோச்சி. யாரோ போன் பண்ணிட்டாங்க."

"அப்டியா!" என்றேன். மேடையில் நடித்திருந்தால் முட்டை வந்திருக்கும்.

"ஒனக்குக் கோவமாப்பா?" என்று நானே மறுபடி கேட்டேன்.

"நேத்து இருந்துச்சி." தரையில் கிடந்த ஃப்ளெக்ஸ் துண்டை எடுத்து மடித்தார். "நானும் அவ அம்மாவும் ஷிப்டு. பாப்பா ஸ்கூல் வுட்டு வந்தா ஊட்ல ஒர்த்தரும் இல்ல. போன மாசம் எவனோ தண்ணி போட்டுகினு வந்து கதவ ஒதைச்சிருக்கான். ரெண்டு தபா. அது உள்ள தாப்பா போட்டுகினு கட்டிலுக்கு அடியில ஒக்காந்துகினு இருந்துக்கீது. எனக்குக் கம்பி கிட்ட வேல செய்யவே கை வரலண்ணா. கட்டிக் குடுத்துட்டா ஒர்த்தன் பாத்துப்பான்னு நெனச்சேன். தப்பா?"

நானும் மேசைக்கு அடியில்தான் உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமையிலிருந்து இந்த மனிதருடைய கையைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன். ஏன்பா இவ்வளவு அவசரம் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கதவு என் கடையின் பின்சுவரிலிருந்து முப்பது அடி.

"தப்புதாண்ணா" என்று பதில் சொன்னது டிசைனர். "ஸ்கூல் வுட்டா நேரா இங்க வரச் சொல்லுங்க. நான் ஏழு மணி வரைக்கும் இங்கதானே கீறேன். அவங்க அம்மா ஷிப்டு முடிஞ்சி வந்து கூட்டிக்கினு போவட்டும்."

"எடம்?" என்று அவர் என்னைப் பார்த்தார்.

"மேசைக்கு மேல நெறைய எடம் கீது. அண்ணன் கீழதான் குந்திக்கினு இருப்பாரு."

அப்படித்தான் ஏற்பாடு ஆனது. அம்மாவுக்கு இரண்டாவது ஷிப்ட் வரும் வாரங்களில் பக்கத்து வீட்டம்மா தன் வீட்டில் வைத்துக்கொண்டார். எனக்கு முன்னால் போன் செய்த இரண்டு பேரில் ஒருவர் அவர்தான் என்றும் இன்னொருவர் வகுப்பு டீச்சர் என்றும் பிறகு தெரிந்தது. இரண்டு பேரும் கைக்குட்டை எதுவும் சுற்றவில்லையாம், பெயர் சொல்லியே பேசியிருக்கிறார்கள். அந்தப் பெண் போலீஸ் லைன் வீடுகளுக்கு இரண்டு மூன்று தடவை வந்து விசாரித்துவிட்டுப் போனார். வீட்டு ஓனரைப் பிடித்து வாசலில் விளக்கு போடவைத்தார்கள். கதவை உதைத்தவன் பிறகு வரவில்லை.

போன் செய்தது நான்தான் என்று அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. முகூர்த்த நேரம்கூடத் தெரிந்த வெளியாட்கள் நானும் டிசைனரும்தான் என்பது அவருக்கும் தெரியும். அவரும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நடக்கவில்லை. அந்தப் பெண் மறுநாளே பள்ளிக்கூடம் போனாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினாள். கணக்கில் போய்விட்டது. துணைத் தேர்வு எழுதித் தேறினாள். இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள்.