கூழ் குடித்த பாரசீகக் கம்பளம்

கம்பள வியாபாரத்தில் ஒரு சுகம் உண்டு: இந்த யாழ்ப்பாணத்து வெயிலில் வாங்க ஆள் வராது, ஆறுதலாக இருந்து கதைக்கலாம். கடையைத் திறந்து வைத்து ஈ, இலையான் கலைத்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் என் கடை. விற்பதெல்லாம் நைலோன் விரிப்புகள்தான். நடுவில் ஒரேயொரு பழைய பாரசீகக் கம்பளம், நெதர்லாந்து மச்சானிடம் ஆசைப்பட்டு வாங்கியது. என் மனைவி அதற்குத் தவணை வைத்துவிட்டாள்: "தீபாவளிக்குள்ளை உது விலைப்படாட்டி, பிறகு இந்தக் கடையிலை பிளாஸ்ரிக் கதிரைதான் விக்கிறது."

ஆற்றையோ கால்

புத்தூரில் புதுவீடு கட்டிய ஓர் ஆசிரியை வந்தார். குடிபூரலுக்கு நல்ல விரிப்பு வேண்டுமாம். விடுவேனா? பாரசீகத்தில் கையால் முடிச்சுப் போட்டு நெய்தது, கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது, நூறு வருடமாகப் பெரிய பெரிய பிரபுக்கள் நடந்தது என்று அளந்தேன். முகம் மலரும் என்று பார்த்தால், அவர் செருப்பைத் தேடினார்.

"நூறு வருசமா ஆரெண்டு தெரியாமல் ஆற்றையோ கால் பட்டதை எங்கடை புது வீட்டுக்குள்ளை விரிக்கிறதோ, தம்பி?"

மேசைக்குப் போடுகிற சாமான்

அன்றோடு கால் கதையை விட்டேன். அடுத்து வந்தவர் குருநகரில் படகு வைத்திருக்கும் அந்தோனி அண்ணை. பழைய காலத்து ஐரோப்பியர் இதை மிதிக்க மனமில்லாமல் மேசையில்தான் விரித்தார்கள் என்றேன். அது உண்மையுங்கூட. வீட்டில் போட்டுப் பார்த்துச் சொல்வதாகக் கொண்டுபோனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த சொந்தக்காரருக்கு அவர் வீட்டில் பனங்கிழங்கு மாவில் நண்டும் இறாலும் போட்டுக் காய்ச்சிய ஒடியல் கூழ். பனையோலையில் மடித்த பிளாவைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்கவேண்டும். கீழே வைத்தால் சரிந்துவிடும். விரிப்புப் போட்ட மேசையைக் கண்டதும் எல்லாரும் மரியாதையாகப் பிளாவை அதில் வைத்திருக்கிறார்கள். அடுத்த நாள் கம்பளம் நண்டும் இறாலும் மணக்கத் திரும்பி வந்தது. எனக்கு அழுகை வந்தது. அண்ணைக்கு வரவில்லை.

"மேசைக்குப் போடுற சாமான் எண்டு நீர்தானே சொன்னனீர்? கூழ் ஊத்துப்பட்டா என்ன செய்யிறதெண்டு சொல்லேல்லையே!"

கப்பல் மணம்

சவர்க்காரம், தேசிக்காய்ப் புளி, வெயில் எல்லாம் பார்த்தாயிற்று. கறை போனது, மணம் போகவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் மனைவி வாசலில் கதிரைகளை இறக்குவித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஜேர்மனியிலிருந்து லீவில் வந்த ஒருவர் உள்ளே வந்தார். கம்பளத்தைப் புரட்டி முடிச்சுகளைப் பார்த்தார். பிறகு குனிந்து முகர்ந்தார். சரி, எல்லாம் போச்சுது என்று நினைத்து உள்ளதைச் சொல்லிவிட்டேன்: "அது ஒடியல் கூழ், அண்ணை." அவர் சிரித்துக்கொண்டே கம்பளத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

"உந்தக் கதை என்னட்டை வேண்டாம் தம்பி, இது கப்பலிலை போய்வந்த கம்பளத்தின்ரை பழைய மணம்; விக்க மனமில்லாட்டி நேரை சொல்லும்!"

பாரசீகத்தில் நெய்து, ஐரோப்பாவில் விரித்து, எங்கள் ஊருக்கு வந்த கம்பளம் கடைசியில் குருநகர்க் கூழ் மணத்தில்தான் விலைப்பட்டது.