பீன்ஸ் கொடி சுற்றும் பக்கம்

என் தம்பியைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'காலர்' என்றால்தான் தெரியும். அவன் தைத்த சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் காலர் விறைப்பாக நிற்கும். கழுத்தைத் திருப்பிப் பார்த்தே "இது காலர் கை" என்று சொல்லிவிடுவார்கள். அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரே அதை ஒப்புக்கொள்வார். அவர் மச்சானைப் பற்றிச் சொல்லும் ஒரே நல்ல விஷயமும் அதுதான்.

அந்தக் கை, மாடிப்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் கட்டையாகவே இருந்தன. "எலும்பு கூடிடுச்சு. விரலுக்கு வேலை குடுங்க, சரியாயிடும்" என்றார் டாக்டர். அமுக்கிப் பழகக் கொடுத்த ரப்பர் பந்தை இவன் அலமாரி மேல் போட்டுவிட்டான். கத்தரிக்கோல் பிடிக்க முடியாதவனுக்குப் பந்து ஒரு கேடா என்று கேட்டான். கடை முதலாளியோ இவனுடைய மெஷினில் வேறு ஆளை உட்கார வைக்காமல் காத்திருந்தார்.

நான் ஒரு பொட்டலம் கொடி பீன்ஸ் விதையை வாங்கிப் போய் அவன் முன்னால் வைத்தேன்.

"அக்கா, நான் டெய்லர். தோட்டக்காரன் இல்ல."

"இப்போதைக்கு நீ ரெண்டுமே இல்ல. எழுந்து போய் ஊனு."

வீட்டின் பின்பக்கம் கொஞ்சம் மண் தரை உண்டு. அதில் இஞ்ச் டேப்பை விரித்து, சாக்குக்கட்டியால் குறி போட்டு ஊன்றினான். "தையலுக்கு ஓரம் விட்டீங்களா?" என்று அவன் மனைவி சிரித்தாள். முதலில் ஊன்றியதெல்லாம் அவன் ஊற்றிய தண்ணீரில் அழுகிப்போயின. அடுத்த முறை மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்தால் மட்டும் தண்ணீர் விட்டான். முளைகள் கழுத்தை வளைத்துக்கொண்டு வெளியே வந்த அன்று எனக்கு போன் செய்தான்.

"எல்லாம் ஒரே நேர்கோட்டுல வந்திருக்கு அக்கா. வந்து பாரு."

அவன் குரலில் பழைய மிடுக்கு. நானும் நிம்மதியாக இருந்தேன்.

கொடி நீண்டதும் குச்சிகளை நட்டு, நுனிகளை அவற்றில் சுற்றிவிட்டான். வலது கையால்தான். மாலையில் சுற்றியது காலையில் அவிழ்ந்து தொங்கியது. மறுபடி சுற்றுவான், மறுபடி அவிழும்.

"ஒரு தளிரைக்கூட இறுக்கிச் சுத்தத் தெரியல இந்தக் கைக்கு. இது எங்க காலர் வைக்கறது? மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துடுங்கன்னு முதலாளிகிட்ட சொல்லிடப் போறேன்."

"சொல்லு. ஆனா நாளைக்குச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் போனேன். எதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். அவன் சுற்றிய கொடிகள் எல்லாமே தொங்கின. கடைசியில் ஒன்று மட்டும், அவன் கை படாதது, துணி காயப்போடும் கம்பத்தில் தானாகவே ஏறியிருந்தது. மேலிருந்து பார்த்தேன். கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போயிருந்தது.

"டேய், இந்தக் குச்சியில ஒருதரம் சுத்திக் காட்டு."

சுற்றினான். காலமெல்லாம் நூல்கண்டு சுற்றிய கை. கடிகார முள் போகும் பக்கமாகவே போனது.

"நீ இப்படிப் போற. அது அப்படிப் போகுது பாரு."

குனிந்து இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ... என் கையில குறை இல்லையா?"

"கை ஒழுங்காத்தான் சுத்தியிருக்கு. செடிக்குத்தான் பிடிக்கல."

"சட்டையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி தைச்சிருக்கீங்க" என்றாள் அவன் மனைவி. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே எல்லாக் கொடிகளையும் பக்கம் மாற்றிச் சுற்றினான்.

அடுத்த நாள் காலை போன் வந்தது. "அக்கா, ஒண்ணுகூட அவிழல!" அன்றைக்குக் கடைக்குப் போனான். மெஷினைக் கொடுத்துவிடச் சொல்ல அல்ல. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க. அலமாரியிலிருந்து பந்தும் கீழே இறங்கியது.

காய் பறிக்கத் தொடங்கிய சமயத்தில் மெஷினில் உட்கார்ந்தான். முதலில் தைத்தது என் வீட்டுக்காரருக்கு ஒரு சட்டை. ஒரு பை பீன்ஸோடு கொண்டுவந்து கொடுத்தான். அவர் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காலர் கை வந்துடுச்சுடா!"

காலரின் இடது பக்கம் ஒரு நூலளவு தூக்கியிருந்தது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன். பீன்ஸுக்கு நார் எடுக்க உட்கார்ந்தேன்.