அடிப்பாத்திரத்தில் ஒரு கோலிக்குண்டு

தெருவில் அவளுக்கு மெழுகக்கா என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்த வீட்டைக் கை காட்டுவார்கள்.

பை தைக்கும் கம்பெனியை இழுத்து மூடியதும் வேலை போனது. அப்போதுதான், தேனீப் பெட்டி வைத்திருக்கும் அவள் தம்பி, தேனைப் பிழிந்துவிட்டு அடையைக் குப்பையில் கொட்டுவதைப் பார்த்தாள்.

"கொட்டாதடா, எங்கிட்ட குடு."

அன்று பிடித்ததுதான். மாடி வீட்டுச் சமையலறையில் அடையை உருக்கி, பழைய துணியில் வடிகட்டி, நடுவில் திரி கட்டிய அச்சில் ஊற்றி மெழுகுவத்தி செய்ய ஆரம்பித்தாள்.

மெழுகை நேராகத் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். அதனால் கீழே தண்ணீர்ப் பாத்திரம், அதற்குள் மெழுகுப் பாத்திரம். அந்தத் தண்ணீரில் ஒரு கோலிக்குண்டு போட்டிருப்பாள். தண்ணீர் கொதிக்கிறவரை அது லொடலொடவென்று ஆடும். வற்றிவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். புருஷனைவிட அந்தக் குண்டைத்தான் அவள் அதிகம் நம்பினாள். அவரும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை.

செய்த தப்பு ஒன்றுதான். பாத்திரம் கழுவிய வெந்நீரை மெழுகோடு தொட்டியில் ஊற்றிவிட்டாள். அது குழாய்க்குள் போய் உறைந்து, கீழ்வீட்டுச் சமையலறையில் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வந்தது. கீழே குடியிருப்பது வீட்டுக்காரம்மா.

"இன்னொரு தடவ இங்க மெழுகு உருக்கினா, அன்னிக்கே வீட்டக் காலி பண்ணிடணும்."

பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூடம் மாற்றியாகிவிட்டது. இந்த வீடும் போனால் மூன்றாவது. ஆனாலும் மெழுகக்கா நிறுத்தவில்லை. வீட்டுக்காரம்மா கடைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து அடுப்பை மூட்டுவாள்.

ஒருநாள் அப்படிக் கிளம்பிய வீட்டுக்காரம்மா, சாவியை உள்ளே வைத்தே கதவைச் சாத்திவிட்டு மாடியேறி வந்துவிட்டார். அவர் மகன் மாற்றுச் சாவியோடு வந்துதான் கதவைத் திறக்க வேண்டும். மெழுகக்கா சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வருவதற்குள், விருந்துக்கு வந்திருந்த நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கம்மா. பேசி எவ்ளோ நாளாச்சு."

நாத்தனாருக்கு எல்லாம் தெரியும். பேச்சில் மூழ்கடித்து அண்ணியைக் காப்பாற்றுவதாக அவளுக்கு நினைப்பு.

"உள்ள என்ன லொடலொடன்னு சத்தம்?" என்றார் வீட்டுக்காரம்மா.

"முட்டை வேகுதும்மா," என்றாள் நாத்தனார். அந்த வீட்டில் அன்றைக்கு முட்டை ஓடுகூட இல்லை.

"அப்ப எனக்கும் ஒண்ணு குடு. காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல."

மெழுகக்கா எழுந்தாள். வீட்டுக்காரம்மாவும் எழுந்தார். "நீ இரும்மா, நானே உரிச்சுக்கறேன்."

"இன்னும் வேகலம்மா." மெழுகக்கா உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார் தன் ஓரகத்தி நகையை ஒளித்துவைத்த கதையை எடுத்தாள். கதவுக்குப் பின்னால் குண்டு விட்டு விட்டு ஆடியது. மெழுகக்கா நாத்தனாருக்குக் கண்ணைக் காட்டினாள்.

"கண்ணுல என்னண்ணி, தூசியா?"

ஓரகத்தி நகையைத் துணிக்கடியில் வைத்தாளா, பரணில் வைத்தாளா என்று பேச்சு முற்றியது. லொட. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு லொட. அப்புறம் ஒன்றுமில்லை.

மெழுகக்காவின் காதில் அந்த அமைதிதான் இரைந்தது. வீடு போகட்டும் என்று எழுந்து ஓடினாள்.

கதவைத் திறந்தால் புகை. அடுப்பை அணைத்தாள். பின்னாலேயே வந்த வீட்டுக்காரம்மா, குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீரை மொண்டு ஓங்கிவிட்டார். மெழுகக்கா அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். வாடகைக்கு இருக்கிறவள் வீட்டுக்காரம்மாவைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"ஊத்தாதீங்க. காய்ஞ்ச மெழுகுல தண்ணி பட்டா வெடிச்சு மூஞ்சில அடிக்கும்."

இன்னொரு கையால் தட்டை எடுத்து மெழுகுப் பாத்திரத்தை மூடினாள். புகை தட்டின் விளிம்பில் சுற்றிச் சுற்றி மெலிந்தது.

வீட்டுக்காரம்மா செம்பைக் கீழே வைத்தார். மணிக்கட்டில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"முட்ட எங்கடி?"

மெழுகக்கா மேல் பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கி, அடிப்பாத்திரத்தைக் காட்டினாள். வறண்ட அடியில், விரிசல் விட்டு, கோலிக்குண்டு கிடந்தது. அதன் வேலை என்னவென்று மறைக்காமல் சொன்னாள்.

"சத்தம் நின்னது எனக்கும் கேட்டுச்சு," என்றார் வீட்டுக்காரம்மா. "வெந்துடுச்சுன்னு நெனச்சேன்." அங்கேயே தரையில் உட்கார்ந்தார். "மாடில இனிமே கூடாது. கொல்லைல துணி தொவைக்கிற எடத்துல வெச்சுக்க. எங் கண்ணு முன்னாடி. தொட்டில ஒரு சொட்டு ஊத்தினே, பாத்துக்க."

இப்போது கொல்லையில் அடுப்பு எரிகிறது. குண்டு புதுசு. சத்தம் கொஞ்சம் தேய்ந்தால் போதும், ஜன்னலிலிருந்து குரல் வரும்:

"ஏய் மெழுகு, உன் முட்ட வெந்துடுச்சுடி."