அக்கா நேர்ந்த வெள்ளி முகம்

தாடையைப் பற்றி நான் ஒரு கவிதை எழுதியிருக்கிறேன். என் அக்காவின் தாடை. எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில், கூடைக் கயிறு உச்சந்தலையை அழுத்த, பல்லைக் கடித்துக்கொண்டு மேடேறுகிற அக்காவின் சதுரத் தாடை. மலை தன் விளிம்பை வெட்டி அவளுக்குக் கொடுத்தது என்றெல்லாம் அதில் வரும். மாத்தளையில் ஒரு மேடையில் வாசித்தேன். கைதட்டினார்கள்.

மறுநாள் யாரோ அனுப்பிய வீடியோவில் கவிதை எனக்குக் கேட்கவில்லை. என் தாடைதான் தெரிந்தது. அக்காவுடைய அதே தாடை. ஆனால் நாற்பத்தெட்டு வயதில் அதன் இரண்டு ஓரத்திலும் சதை இறங்கி, நனைந்த துணி கொடியில் கிடப்பதுபோலக் கிடந்தது. நிறுத்தினேன். பெரிதாக்கினேன். மறுபடி ஓடவிட்டு மறுபடி நிறுத்தினேன். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி "ஆம்பள மூஞ்சி" என்று சொன்னது, இத்தனை வருடம் எங்கே இருந்ததோ, வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

யாரிடமும் சொல்லாமல் கண்டிக்குப் போனேன். டொக்டர் என்னைவிட இளையவர், தமிழ்ப் பெண். காதுக்குக் கீழே விரலை வைத்து, "பல்ல நல்லா கடிங்க" என்றார். கடித்தேன். "நித்திரையிலயும் கடிப்பீங்களா?"

"எங்க வீட்ல எல்லாருமே கடிப்பாங்க."

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். மெல்லுகிற தசை தடித்திருக்கிறது; அதில் ஊசி போட்டால் சில வாரங்களில் இளைத்து முகம் ஒடுங்கும், சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும். தொங்குகிற சதைக்கு அது வைத்தியமில்லை. அதற்குச் சூடு வைக்கும் கருவி உண்டு, தோலுக்கடியில் நூல் கோத்து இழுப்பது உண்டு, கடைசியில் கத்தி உண்டு. எதுவும் செய்யாமல் விடுவதும் உண்டு. "தசை இளைச்சா தொங்குறது இன்னும் கூடத் தெரியலாம். சில பேருக்கு கொஞ்ச நாள் சிரிப்பு கோணும். யோசிச்சிட்டு வாங்களேன்."

முகம் ஒடுங்கும் என்பது மட்டும் என் காதில் விழுந்திருந்தது. "இன்னைக்கே போடுங்க" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தேங்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு மாத்தளையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். தடித்த ரொட்டி. நாலு கடி கடிப்பதற்குள் தாடை சோர்ந்துவிட்டது. அவள் என்னவோ சொல்ல, சிரித்தேன். இடது பக்கம் மட்டும் ஏறியது.

அக்காவின் கையிலிருந்த ரொட்டி தட்டில் விழுந்தது.

"என்னடி, சிரிப்பு ஒரு பக்கமா போகுது? கைய தூக்கு. ரெண்டு கையும் தூக்குடி!"

தூக்கினேன். வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி.

"அப்பாவுக்கும் வாயிலதான் தொடங்குச்சு. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. பக்கவாதம் வந்து, கோணிய வாயோடு மூன்று நாள் கிடந்து போனவர். சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். வார்த்தைகளோடு புழங்குகிறவள் நான். பொய் எனக்கு எவ்வளவு வழுவழுப்பாக வந்தது. "நரம்புல ஏதோ கோளாறாம்க்கா. ஊசி போட்டிருக்காங்க. சரியாகிடும்."

அன்றிலிருந்து அக்கா கவிச்சியை விட்டாள். உனக்குச் சரியானதும் வெள்ளியில் முகம் வாங்கிக் கோயில் உண்டியலில் போடுவதாக ஆத்தாவிடம் நேர்ந்துகொண்டேன் என்றாள். கொழுந்து பறித்து வந்து, கால் கழுவிய கையோடு, தினமும் வீடியோ கோல். "எங்க, சிரி பாப்போம்." நான் சிரிப்பேன். அவள் உற்றுப் பார்ப்பாள். "நேத்தைக்கு இன்னைக்கு பரவால்ல." போனை வைத்ததும் கண்ணாடிக்கு ஓடுவேன். முகம் ஒடுங்கியிருந்தது உண்மைதான். சதை முன்னைவிடத் தொங்கியதும் உண்மைதான். அக்கா கருவாடுகூடத் தொடாமல் இருந்த நாட்களில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அதை.

மருந்தின் வேகம் குறைந்து, சிரிப்பு நேரானது. "ஆத்தா கண்ண தொறந்துட்டா!" என்று போனிலேயே அழுதாள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு டவுனுக்கு இறங்கி வந்தாள். நகைக்கடையில் தட்டு நிறைய மெல்லிய வெள்ளித் தகடுகள்: கண், கை, கால், முகம். முகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"ஒன்னுகூட நம்ம சாடை இல்லியே. எல்லாம் உருண்ட மூஞ்சி."

"ஆத்தாவுக்கு ஆள் அடையாளம் தெரியும்மா, நீங்க போடுங்க" என்று கடைக்காரர் சிரித்தார்.

கோயிலில், உண்டியல் பக்கத்தில், அந்தத் தகட்டை என் வலது கன்னத்தில் ஒற்றினாள், இடது கன்னத்தில் ஒற்றினாள், கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். தகடு சில்லென்றிருந்தது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். வீடியோ, கண்டி, ஊசி, எல்லாம்.

"அப்ப நோய் வருத்தம் ஒன்னும் இல்லியா?"

"இல்லக்கா."

"அப்பாவுக்கு வந்தது இல்லியா?"

"இல்ல."

நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள். பிறகுதான் மெதுவாகக் கேட்டாள். "அப்ப எதுக்கு ஊசி?"

"தாடை அகலமா இருக்குன்னு."

என்னைப் பார்த்தாள். அவளுடைய கை தானாக மேலே போனது, காய்ப்பு விழுந்த விரல்கள், தன் கன்னத்தின் மூலைக்கு. "இந்தத் தாடையா?"

திட்டியிருக்கலாம். அறைந்திருக்கலாம். "உனக்கு அது அழகாத்தான்க்கா இருக்கு" என்றேன். மேடையில் வாசித்த அதே குரல்; எனக்கே கேட்கப் பொறுக்கவில்லை.

அவள் தகட்டை உண்டியலில் போட்டாள். "நேந்தது நேந்ததுதான். உனக்கு ஒன்னும் இல்லன்னா, அதுக்கும் அவளுக்குத்தானே நன்றி சொல்லணும்" என்று கும்பிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில், பிரியும்போது எப்போதும் எடுப்பதுபோல, இரண்டு பேருமாக ஒரு படம் எடுக்கப் போனை நீட்டினேன். எந்தப் படத்திலும் தாடையை நிமிர்த்தி நிற்கிறவள் அக்கா. அன்று முந்தானையை இழுத்து மூக்குவரை மூடிக்கொண்டாள்.

"என்னக்கா?"

"காத்து அடிக்குது" என்றாள்.

மாத்தளையில் அன்று ஓர் இலைகூட அசையவில்லை.