கத்தினால் கேட்காத பாறை

“ஏறுறதெல்லாம் ஏறிடுவாங்க. ஆனா உங்க ஏரியா பொண்ணுங்களைப் பத்து நிமிஷம் சத்தம் போடாம ஒரே இடத்துல உட்கார வைக்க முடியுமா உன்னால?”

நான் பாறையேற்றம் பழகிய கூடத்தின் மூத்த பயிற்சியாளர் இப்படிக் கேட்டார். ஊரின் தென்கோடியில், உயரமான செயற்கைச் சுவர் கட்டி வைத்திருக்கும் கூடம் அது. அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பக்கத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். செங்கல்பட்டுப் பக்கம் எல்லாரும் போகும் பாறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு குழுக்களும் வரும், புதிதாக வருகிறவர்கள் கூச்சல் போட்டால் ஏறுகிறவர்களுக்குக் கவனம் சிதறும் என்று காரணமும் சொன்னார். ரயிலில் திருவொற்றியூர் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். என் பெண்களுக்கு நான் தேடப்போகும் பாறையில் வேறு ஒரு ஆளும் இருக்கக்கூடாது.

என் பெண்கள் என்றால் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் இருக்கும் ஆறு பேர். சிலர் பிளஸ் டூ, சிலர் கல்லூரியில் முதல் வருஷம். கடல் அரிக்காமல் இருக்கக் கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்களின் மேல் செருப்பில்லாமல் ஓடி வளர்ந்தவர்கள். “நீ மட்டும் ஸோக்கா செவுத்துல ஏறி போட்டோ போட்டுகினா போதுமாக்கா? எங்கள இஸ்துகினு போவ மாட்டியா?” என்று ஆரம்பித்து வைத்தவள் அவர்களில் ஒருத்தி, இந்த விஷயம் முழுக்க அவளைச் சுற்றித்தான்.

நான் வடக்கே ஒரு கப்பல் கட்டும் யார்டில் பாதுகாப்பு அதிகாரி. உயரத்தில் வேலை செய்கிறவர்கள் இடுப்பில் பெல்ட் போட்டிருக்கிறார்களா, அதன் கொக்கியைச் சாரத்தில் மாட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலையில் பாதி. அதே மாதிரி பெல்ட்டை விளையாட்டுக்காகவும் போடுகிறார்கள் என்று தெரிந்தபோதுதான் அந்தக் கூடத்துக்குப் போனேன். என் அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர்களை இறுக்கிக் கட்டும் வேலை பார்த்தவர். அவருக்கும் அம்மாவுக்கும் கையெழுத்து போடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இதைப் பணிவாகச் சொல்ல எனக்கு வராது, வரவேண்டும் என்றும் நினைக்கவில்லை.

பாறை பார்க்கப் போன சனிக்கிழமை அந்தப் பெண்ணின் அம்மாவும் கூடவே கிளம்பிவிட்டார். காசிமேட்டில் மீன் விற்கிறவர். விடிவதற்குள் ஏலத்தில் கூடை எடுத்து, வெயில் ஏறுவதற்குள் விற்றுவிடுவார்.

“நீ எதுக்கு யக்கா அவ்ளோ தூரம்?” என்றேன்.

“பொண்ண குடுக்கறதுக்கு முன்ன மாப்ள வூட்ட பாக்கமாட்டமா? அந்த மாரிதான் இதுவும். கல்ல நா பாக்கணும்.”

செங்கல்பட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, முதலில் எல்லாரும் போகும் பாறைக்குப் போனோம். கார்கள் நின்றிருந்தன. மரத்தடியில் ஒருவர் டீ விற்றுக்கொண்டிருந்தார். பாறையில் வரிசையாகக் கயிறுகள் தொங்கின, கீழே நின்று ஆளாளுக்கு வீடியோ எடுத்தார்கள். “ஸோக்கா கீதே! டீகூட கீது!” என்று அக்கா சந்தோஷமாகிவிட்டார். அப்போது எங்களைத் தாண்டிப் போன ஒரு பையன், அவருடைய புடவையையும் கையிலிருந்த ஒயர் கூடையையும் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, நீங்க எந்த குரூப்போட குக்?” என்று கேட்டான்.

“ஏன் கண்ணு, பசிக்குதா?” என்றார் அக்கா.

அவருக்கு அது அதோடு முடிந்துபோயிற்று. எனக்கு முடியவில்லை. “இந்த எடம் வேணாம், வா” என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது பாறை ஓர் ஏரிக்கரையைத் தாண்டி, கருவேல மரங்களுக்கு நடுவே நெடுநேரம் நடந்து போகவேண்டிய இடத்தில் இருந்தது. யாரோ எப்போதோ ஏறிவிட்டு விட்டுப்போன பாறை. இரண்டு மாடி உயரம், நெட்டுக்குத்தாக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருந்தது. புதியவர்கள் கால் வைக்கத் தோதான விளிம்புகள் நிறைய. மதியம் வரை நிழல். தேன்கூடு இருக்கிறதா என்று சுற்றி வந்து பார்த்தேன், இல்லை. பின்பக்கமாக நடந்தே உச்சிக்குப் போய்விடலாம். அங்கே கயிறு கட்ட அடித்திருந்த ஆணிகளைத் தட்டியும் இழுத்தும் பார்த்தேன். உறுதியாக இருந்தன. போன் மட்டும் ஏரிக்கரை வரை போனால்தான் எடுக்கும்.

நான் இறங்கி வந்தபோது அக்கா கூடையிலிருந்த புளிசோற்றைச் சாப்பிட்டு முடித்திருந்தார். கையைக் கழுவிவிட்டு எழுந்தார். மூச்சை இழுத்து, தெருவில் கூவுகிற அதே குரலில், “மீனேய்ய்ய்!” என்று ஒரு கூவல் விட்டார். ஓர் ஆள்காட்டிக் குருவி பதறிப் பறந்தது. வேறு ஒன்றுமில்லை. எங்காவது ஒரு நாயாவது குரைக்கும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம்.

“இங்க வியுந்து கத்துனா யாரு கேப்பா?”

“நான் இருக்கேன்ல யக்கா. கூட இன்னொருத்தியும் வருவா, டிரெய்னிங் எடுத்தவ.”

“நீ கீற. அவளும் கீறா. யாரு இல்லன்னா?” என்று பாறையையே பார்த்தார். “சரி, அனுப்பறேன். அனுப்பன மாரியே திருப்பி குடுத்துடு.”

அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருந்தது. அவருடைய கணவர் போன வருஷம் எண்ணெய்த் தொட்டி ஒன்றுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒப்பந்த வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர். இடுப்பு எலும்பு உடைந்து, அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. விழுந்தபோது பெல்ட் இடுப்பில் இருந்தது. கொக்கி எதிலும் மாட்டியிருக்கவில்லை.

பாறை முடிவாகிவிட்டது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறோம் என்று ஆறு வீட்டுக்கும் சொன்னேன். போவதற்கு முந்தைய வாரம், எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் பெல்ட் போட்டுப் பழக வைத்தேன். ஒவ்வொருத்தியின் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். மீன்கார அக்கா மகளுடையது சரியாக இருந்தது. அடுத்தவளிடம் போன நான் எதற்கோ திரும்பினேன். அவள் பக்கிளைத் தளர்த்திவிட்டிருந்தாள். பிடித்து இழுத்தேன். பெல்ட் இடுப்பைத் தாண்டித் தொடைக்கு இறங்கியது. தலைகீழாகத் தொங்க நேர்ந்தால் பெல்ட் கயிற்றோடு இருக்கும், அவள் இருக்கமாட்டாள்.

“ஏன்டி லூஸ் பண்ண?”

“மூச்சு முட்டுதுக்கா. நீதான் பாத்துட்டியே?”

“பாத்துட்டா?”

“செக்கிங் முட்ஞ்சிட்ச்சி இல்ல?”

“மேடம் ரவுண்ட் போய்ட்ச்சி, கயட்டு கயட்டு!” என்று பின்னாலிருந்து ஒருத்தி ஆண்குரலில் கத்தினாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அது அவர்கள் வீட்டு ஆண்கள் பேசுகிற பேச்சு. நான் யார்டில் நடந்து வரும்போது எனக்கு முன்னால் டக் டக்கென்று கொக்கிகள் மாட்டுகிற சத்தம் ஓடும். நான் தாண்டிப் போனதும் பின்னால் அவற்றைக் கழற்றுகிற சத்தம் அதே மாதிரி கேட்கும். திரும்பிப் போய்க் கத்துவேன். மாட்டுவார்கள். நகர்வேன்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா நைலான் கட்டிலில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன், அன்றைக்கு ஏன் கொக்கியை மாட்டவில்லை என்று.

“மாட்னா, நவுந்து நவுந்து போவசொல்ல கயட்டி கயட்டி மாட்டணும் பாப்பா. கீய மேஸ்திரி நின்னுகினு கத்துவான். ஆபீசருங்க வந்தா மாட்டுவோம், போனா கயட்டுவோம். எல்லாம் அப்டிதான். உன்கிட்டயும் அப்டிதான் பண்ணுவானுங்கோ, கேட்டுப் பாரு.”

“தெரியும் மாமா.”

“இப்ப ஏன் கேக்கற?” என்றவர் என் முகத்தைப் பார்த்தார். “இவ லூஸ் பண்ணாளா?”

தலையாட்டினேன். ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார். டிவியில் ஓடிய படத்தை அவர் பார்த்த மாதிரி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தும் எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. வேறு கண் படாத இடம் வேண்டும் என்றுதான் அந்தப் பாறையைத் தேடிப் பிடித்தேன். இவர்களோ கண் பட்டால்தான் பெல்ட்டை இறுக்குகிறவர்கள். நான் கயிறு கட்ட உச்சிக்குப் போய்விட்டால், கூட வருகிறவள் இன்னொருத்தியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தால், அந்த நேரத்தில் அங்கே பார்க்க யாருமில்லை. கூட்டம் இருக்கிற பாறைக்கே போய்விடலாமா என்றும் யோசித்தேன். அங்கே நாலு பேர் பார்க்கிறார்கள் என்று இறுக்கித்தான் வைத்திருப்பாள். அது அவள் அப்பா செய்ததிலிருந்து எந்த விதத்தில் வேறு? ஒருநாள் அந்த நாலு பேரும் டீ குடிக்கப் போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை நிறுத்தினேன். ஆறு வீட்டுக்கும் நானே போன் செய்தேன். அக்கா எடுத்தபோது பின்னால் ஏலம் கூறுகிற சத்தம்.

“இன்னா பாப்பா, கல்லு இன்னா ஓடியா பூட்ச்சி? அவ பைய கட்டி வச்சிகினு உக்காந்துனுகீறா.”

காரணத்தைச் சொன்னேன்.

“அவ அப்பன் மாரியே” என்றார். பிறகு, “ரெண்டு போடட்டா?”

“வேணாம் யக்கா.”

“அப்ப நீ இன்னா பண்ணப்போற?”

தெரியவில்லை என்று சொன்னேன். மகள் மறுநாள் என் வாசலில் வந்து நின்றாள். அழுதிருந்தாள். “என்னாலதான் போச்சுன்னு எல்லாரும் என்னிய ஓட்றாங்க. அன்னிக்கி எல்லாருந்தாங்க்கா லூஸ் பண்ணாங்க. நீ திரும்பசொல்ல நான் மாட்டிகினேன், அவ்ளோதான்.”

பொய் சொல்கிறாளோ என்று நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை.

பாறையை மாற்றவில்லை. என்றைக்குப் போகிறோம் என்று மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. போக வேண்டியிருந்த அந்த ஞாயிறு காலையில் ஆறு பேரையும் மாடிக்கு வரச்சொன்னேன். மாடிப்படி அறையின் சுவரில் கயிற்றைக் கட்டி, கீழே பழைய மெத்தைகளை விரித்தேன். கயிற்றில் தொங்கினால் கால் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் போகாது. இனிமேல் நான் யாரையும் செக் பண்ணமாட்டேன் என்று சொன்னேன். ரெண்டு ரெண்டு பேராக நில்லுங்கள், ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்ளுங்கள், ஏறுங்கள்.

“நெசமாவா?” என்றாள் அவள்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் மாடியின் மறுகோடியில் போட்டு, மணலிப் புகைபோக்கிகளைப் பார்த்தபடி, அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

முதலில் சிரிப்பு. பிறகு சண்டை. “ஏய், இத்த இஸ்தா கையோட வருதுடி.” “உனுக்கு இன்னா? நீ இன்னா மேடமா?” “வியுந்தா நாந்தான உன்ன புடிக்கணும்? காட்டு இப்டி.” அது யார் குரல் என்று பிடிபடவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்ததில் எனக்கு விரல்கள் வலித்தன.

அப்புறம் பேச்சு நின்றது. சுவரில் கயிறு உரசி இறுகுகிற சத்தம். யாரோ ஏற ஆரம்பித்துவிட்டாள். நான் திரும்பவில்லை.