ஆரத்தி வேளையில் இருண்ட திரை

முழங்கால்கள் கோயிற்படி ஏற மறுத்த பிறகு, பெருமாளை நான் சேவிப்பது தொலைக்காட்சியில்தான். தாம்பரத்து வீட்டின் கூடத்தில், அந்திப் பொழுதில், நேரலையாக வரும் ஆரத்தியின் முன் நின்றபடி பாசுரம் சொல்வேன். கற்பூர ஒளியில் திருமுகத்தைக் காணும்வரை உட்காருவதில்லை என்பது என் நியமம்.

அந்தத் தொலைக்காட்சியை வாங்கி மாட்டியவன் என் மகன். மேடவாக்கத்தில் இருக்கிறான். கைபேசியிலிருந்தே தொலைக்காட்சியைப் பார்க்கவும் இயக்கவும் உதவும் செயலிகளை உருவாக்குவது அவன் தொழில். “எங்கேயிருந்தாலும் உங்க டிவியை நானே சரி பண்ணிடுவேன்ப்பா” என்றான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மார்கழி கழிந்தபின் ஒருநாள், ஆரத்தித் தட்டு உயர்ந்த கணத்தில் திரை இருண்டது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. படம் திரும்பியபோது சந்நிதியில் திரை போட்டிருந்தார்கள். சில நாள் ஒழுங்காக ஓடும். மறுபடி அதே கணத்தில் இருளும்.

வேறொருவர் மெக்கானிக்கை அழைத்திருப்பார். பெருமான் முகம் மறைப்பதையும் அடியவர் அரற்றுவதையும் ஆயுள் முழுதும் ஓதியவனுக்கு, அது கோபமாகவே பட்டது. என் பிழை என்ன என்று கேட்டு அழுதேன். இரவு உணவை விட்டேன். மனைவி பயந்துபோய் மகனிடம் தொலைபேசியில் சொன்னாள். “டிவி பழசாயிடுச்சும்மா, அப்பாவைச் சாப்பிடச் சொல்லு” என்றானாம்.

ஒரு ஞாயிறன்று, தன் குழுவில் பணிபுரியும் பெண்ணை விருந்துக்கு அழைத்து வந்தான். இலை முன் அமர்ந்ததும் அவள் கூடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“அங்கிள், இந்த டிவிதானா அது? எங்க டெமோவுக்கு ஹீரோவே இதுதான்! இதுல ஓடுறது சார் ஃபோன்லயும் தெரியும். ‘தாம்பரத்துல எங்கப்பா சாமி கும்பிட்டுட்டு இருக்கார், இப்ப பாருங்க’ன்னு ஆஃப் பண்ணுவார். ஃபாரின் கிளையண்ட்ஸ் கைதட்டுவாங்க.”

மகன் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான்.

“நான் சாப்பிடாம கிடந்தது உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“அம்மா சொன்னாங்க. உங்ககிட்ட சொன்னா சங்கடப்படுவீங்கன்னுதான்...”

“அந்த நேரம்தான் கிடைச்சுதா?”

“தட்டு மேல போறப்ப நிறுத்தினாதான்ப்பா எடுபடும்.”

“எடுபட்டுதா?”

“ப்ராஜெக்ட் கிடைச்சிடுச்சு.”

அந்தப் பெண் சோற்றில் வைத்த கையை அசைக்கவில்லை. மனைவி மோர்ப் பாத்திரத்தோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். என் பக்தியை அவன் வேடிக்கையாக்கியதைக்கூடப் பொறுத்திருப்பேன். தன் விரல் செய்ததைப் பெருமாள் செய்ததாக நான் நம்பிப் பட்டினி கிடந்தபோது, அவன் நம்பவிட்டான்.

மறுநாள் மாலை அவனிடமிருந்து செய்தி வந்தது: “உங்க டிவியை ஆப்ல இருந்து எடுத்துட்டேன்ப்பா. இனிமே யாரும் தொட முடியாது.”

வழக்கம்போல் நின்றேன். தட்டு உயர்ந்தது. திருமுகம் குறையில்லாமல் துலங்கியது. பாசுரமும் நாவில் தடையின்றி வந்தது. ஆனால் கற்பூரம் தணியும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தது, திரை இருளுமா என்பதைத்தான்.